ஆயிரம் மெகாவாட், ஐந்நூறு மெகாவாட், ஒரு மாமனார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. ஓர் அறிவியல் மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை. நிலக்கரியில் ஓடும் மின்நிலையம், அணுவில் ஓடும் மின்நிலையம், இரண்டில் எது எவ்வளவு மின்சாரம் தருகிறது? ஓர் அட்டவணை, ஒரு படம், கடைசியில் நாலு வரி. "எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியணும் சார். அவ்வளவுதான்" என்றார்.

அட்டவணையைப் போட உட்கார்ந்தேன். இடப்பக்கம் 'நிலக்கரி' என்று எழுதிக் கோடு இழுத்ததும் அந்தக் கட்டத்துக்குள் என் மூத்த சகலை வந்து நின்றார். வலப்பக்கம் 'அணு' என்று எழுதியதும் இரண்டாவது சகலை வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். எண்களை எழுத இடமில்லாமல் போய்விட்டது.

என் மாமனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் நிலக்கரி மின்நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். நடுப்பெண்ணைக் கட்டியவர் கடற்கரையோரத்து அணுமின் நிலையத்தில் அதே வேலை. கடைசிப் பெண்ணைக் கட்டியவன் நான். எனக்கு மெகாவாட் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளை வேறு. மாமனார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கரி மாப்பிள்ளை, அணு மாப்பிள்ளை, காகித மாப்பிள்ளை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"தூரத்தில் புகைபோக்கி வானத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்…" (புகைபோக்கி வந்தால் அடுத்த வரியில் யாராவது இருமியாக வேண்டும். அடித்துவிட்டேன்.)

"அணுக்கரு பிளக்கும்போது வெளிப்படும் வெப்பத்தைப் போலவே ஒரு குடும்பம் பிளக்கும்போதும்…" (இப்படி எழுதுகிறவனின் கையைப் பிடித்து யாராவது தடுக்க வேண்டும். நானே தடுத்தேன்.)

"இரண்டும் கடைசியில் வெந்நீர்தான்." இது நின்றது. ஏனென்றால் இது உண்மை. ஓர் இடத்தில் கரியை எரிக்கிறார்கள், இன்னோர் இடத்தில் அணுவைப் பிளக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி சீறுகிறது, சுழலி சுற்றுகிறது, கம்பியில் மின்சாரம் வருகிறது. என் சகலைகள் இருவரும் மாத முடிவில் வாங்குவது வெந்நீர் போட்டதற்கான சம்பளம். இது இருவருக்கும் தெரியும். அதனால்தான் சண்டை அவ்வளவு கடுமையாக இருந்தது.

3

மாமனார் ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர். முப்பத்துநாலு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்தவர். மாமியார் போய்ப் பல வருடம் ஆகிறது. இந்த வருடம் மாமனாருக்கு நுரையீரலில் சளி கட்டி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு மெஷினும் வந்தது. இடுப்பளவு உயரம், சக்கரம் வைத்தது. அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். முந்நூற்றைம்பது வாட். வயதான ஒருவர் படிக்கட்டு ஏறுவதைப் போல ஒரு சத்தம்.

அறை சின்னது. கட்டில், மெஷின், அவசரத்துக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், ஒரே ஒரு நாற்காலி. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார் மாமனார். கதவு வழியாக நடைச் சுவரில் இருக்கிற மீட்டர் தெரியவேண்டுமாம். பழைய மீட்டர், உள்ளே அலுமினியச் சக்கரம் சுற்றும்.

"ஓடுதும்மா?" என்று கண்ணைத் திறந்ததும் கேட்பார்.

"ஓடுதுப்பா" என்பாள் என் மனைவி.

அப்புறம்தான் அடுத்த மூச்சு.

மெஷின் வந்த இரண்டாம் நாள் கரி மாப்பிள்ளை பார்க்க வந்தார். மெஷின் தலையில் கையை வைத்து, சொந்த மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். "கவலைப்படாதீங்க மாமா. நம்ம கரன்ட்டுதான்."

"நம்மன்னா?" என்றார் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அணு மாப்பிள்ளை.

"எங்க பிளான்ட் கரன்ட்."

"சகலை, உங்களது ஐந்நூறு மெகாவாட். எங்களது ஆயிரம். இந்த ஊருக்கு எது வருதுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும்."

கரி மாப்பிள்ளை மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டார். "இல்ல. கொஞ்சம் கனமா இருக்கு சத்தம். இது கரிதான்."

(நான் இட்டுக்கட்டவில்லை. காதை வைத்துக் கேட்டார். பதினெட்டு வருட அனுபவம் உள்ள பொறியாளர்.)

சந்தேகம் தீர, மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் மையத்தில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். "எங்க மாமனார் தெருவுக்கு எந்த பிளான்ட்லேர்ந்து வருது?"

 நண்பர் சொன்னார்: "சார், அது கரன்ட்டுக்கே தெரியாது."

4

இங்கே ஒரு தடங்கல். கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதல் படியில் கரி மாப்பிள்ளையைக் கறுத்த முரட்டு ஆளாகவும், அணு மாப்பிள்ளையை அமைதியான கண்ணாடிக்காரராகவும் எழுதியிருந்தேன். துறைக்குத் தகுந்த மாதிரி ஆள் செய்துவிட்டேன். உண்மையில் கரி மாப்பிள்ளைதான் வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாதவர், குரலே உயராது. அணு மாப்பிள்ளை தும்மினால் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும்.

இன்னொன்று. கரி மாப்பிள்ளைக்கு மாமனார்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று வாசகர் கேட்பார் என்பதற்காக அவருக்கு ஒரு பழைய சோகம் வைத்தேன். சின்ன வயதில் அவருடைய அப்பா மூச்சுத்திணறி… என்று அரைப் பக்கம். என் மனைவி படித்தாள்.

"அத்தானோட அப்பா நல்லாத்தானே இருக்கார்? போன வாரம் போன்ல பேசினாரே."

"கதைக்குக் காரணம் வேணும்ல."

"அவருக்கு எங்கப்பாவைப் பிடிக்கும். வேற என்ன காரணம் வேணும்?"

அரைப் பக்கத்தையும் அடித்தேன். அந்த மனிதர்தான், ஆம்புலன்ஸ் வந்த அன்று ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பாது என்று தெரிந்ததும், மாமனாரை முதுகில் சுமந்து இரண்டு மாடி இறங்கினார். அணு மாப்பிள்ளை முன்னால் ஓடி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி வழிவிடச் சொல்லிக் கத்தினார். நான் பின்னால் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

5

சண்டையை முடித்துவைக்க மாமனாரே ஒரு வழி சொன்னார். குழாய் மூக்கில் இருந்ததால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசினார்.

"ஒரு வாரம். ரெண்டு பேரும்… தினம் ரீடிங்… கொண்டாங்க. காலை ஆறுலேர்ந்து… மறுநாள் காலை ஆறு. காகித மாப்பிள்ளை… எழுதட்டும். ஜெயிச்சவர்… நாற்காலியில உக்காரலாம்."

ஒரே நாற்காலிதான் என்று சொன்னேனே. இதுவரை முந்தி வந்தவர் உட்கார்ந்தார், பிந்தி வந்தவர் கதவில் சாய்ந்தார். இனி மெகாவாட் முடிவு செய்யும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் ஏழு கட்டம் போட்டேன். இருவருக்கும் அந்த வாரம் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள்.

முதல் நாள்: அணு, இரண்டு கோடியே முப்பத்தெட்டு லட்சம் யூனிட். கரி, தொண்ணூறு லட்சம் யூனிட். அணு மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

"இது நியாயமில்ல மாமா" என்றார் கரி மாப்பிள்ளை மெதுவாக. "அவங்க மெஷின் ஆயிரம், எங்களது ஐந்நூறு. அளவுக்குத் தகுந்தாப்ல பாக்கணும்."

மாமனார் தலையசைத்தார். இரண்டாம் நாளிலிருந்து, முழுத் திறனில் எத்தனை சதவீதம் ஓடியது என்று பார்த்தோம். அணு தொண்ணூற்றொன்பது. கரி எழுபத்தைந்து. அணு மாப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

"மத்தியானம் தேவை கம்மி, குறைங்கன்னு சொன்னாங்க. குறைச்சோம்" என்றார் கரி. "சொன்ன பேச்சைக் கேக்கிறது ஒரு குத்தமா? இவங்களது யார் சொன்னாலும் லேசுல குறையாது. ஒரே ஸ்பீடு."

"அதுக்குப் பேர் நிதானம், சகலை."

"அதுக்குப் பேர் பிடிவாதம்."

(கட்டுரைக்குத் தேவையானது உண்மையில் இந்த மூன்று வரியிலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கேயே எழுந்து விளையாடப் போகலாம்.)

மூன்றாம் நாள் கரி மாப்பிள்ளை சாட்சிக்கு ஒரு கரிக்கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். "எங்களுக்கு இந்த மாதிரி ஒரு நாளைக்கு ஆறாயிரம் டன் வேணும். எவ்வளவு பேரோட உழைப்பு, பாருங்க."

அணு மாப்பிள்ளை சுண்டுவிரலை நீட்டினார். "எங்க எரிபொருள் இந்த நுனி அளவு ஒரு வில்லை. அது ஒண்ணு, உங்க கரியில ஏறக்குறைய ஒரு டன்."

மாமனார் கரியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "அவர் கரியைக்… கொண்டாந்திருக்கார். நீங்க… விரலைத்தான கொண்டாந்திருக்கீங்க?"

அப்படியும் நாற்காலி அணுவுக்கே போனது. சதவீதம் சதவீதம்தானே. சாம்பலையும் கழிக்க வேண்டும் என்றார் அணு. அப்படியானால் எரிந்து முடிந்த வில்லைகளுக்கு எத்தனை ஆயிரம் வருடம் காவல் காக்க வேண்டுமோ அதையும் கழிக்க வேண்டும் என்றார் கரி. மாமனார் இரண்டையும் தள்ளுபடி செய்தார். "நான் மீட்டர் ரீடர். என் அட்டையில… ரெண்டு மாசத்துக்கு மேல… கட்டமே கிடையாது."

நாலாம் நாளும் அணு மாப்பிள்ளை உட்கார்ந்தார். அன்று மட்டும் ஏனோ சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

6

ஐந்தாம் நாள் அவர் உள்ளே வரவில்லை. கதவில் நின்றார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ரீடிங்?"

"ஜெல்லி மீன், மாமா."

"என்னது?"

"கடல் தண்ணியை இழுத்துத்தான் பிளான்ட்டைக் குளிர வைக்கிறோம். ஜெல்லி மீன் கூட்டமா வந்து சல்லடையை அடைச்சிருச்சு. டன் கணக்கில. பம்பு நின்னுச்சு. உலையை நிறுத்திட்டாங்க."

மாமனார் யோசித்தார். "அதுக்கு… எலும்பு உண்டா?"

"இல்ல மாமா. எலும்பும் இல்ல, மூளையும் இல்ல."

"மூளை இல்லாதது வந்து… ஆயிரம் மெகாவாட்டை… நிறுத்திருச்சு."

"ஆமா மாமா."

"எப்ப?"

"நேத்துக் காலையில ஆறே காலுக்கு."

"நேத்து வந்து… நாற்காலியில உக்காந்தீங்களே?"

"நேத்துச் சொன்னது அதுக்கு முந்தின நாள் ரீடிங், மாமா. ரூல்படி சரிதான்."

நான் பேனாவோடு காத்திருந்தேன். "பூஜ்யம் போடவா?"

அணு மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அதுக்கும் கீழ. நின்ன பிறகும் உலையைக் குளிர வைக்கணும். அதுக்கு வெளியிலேர்ந்து கரன்ட் எடுத்தோம்."

"யார்கிட்டேர்ந்து?" என்றார் மாமனார்.

 கரி மாப்பிள்ளையின் நிலையம் அன்று முழுத் திறனில் ஓடியிருந்தது. நூறு சதவீதம். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அணு மாப்பிள்ளை கதவிலேயே நின்றார்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கரி மாப்பிள்ளை எழுந்தார். "முதுகு வலிக்குது. நின்னாத்தான் தேவலை. நீங்க உக்காருங்க சகலை."

"வேணாம். நீங்கதான ஜெயிச்சீங்க?"

"வலிக்குதுன்னா விடுங்களேன்."

அதற்குப் பிறகு அன்று நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் நான் காலண்டரை அதில் வைத்து எழுதினேன்.

7

ஆறாம் நாள் கரி மாப்பிள்ளையின் சட்டையில் முதல்முறையாகக் கறை. கொதிகலனில் ஒரு குழாய் ஓட்டை விழுந்து, பன்னிரண்டு மணிக்கு அவர்களுடையதும் நின்றுவிட்டது. இரண்டு நாளாக மூச்சுமுட்ட ஓட்டியது தாங்கவில்லை என்றார். ஜெல்லி மீன்களை இன்னும் வாரிக்கொண்டிருந்தார்கள். ஆக, இரண்டு சகலைகளும் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு மெகாவாட் நின்றுபோய், ஒரே அறையில், ஒரே அளவு தலைகுனிவோடு இருந்தார்கள். மணி மூன்று இருபது.

அப்போதுதான் கரன்ட் போனது.

மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. மெஷின் நின்றது. பிறகு அதிலிருந்து பீப் என்று ஒரே சீரான சத்தம். மாமனார் கழுத்தைத் திருப்பி மீட்டரைப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை.

கரி மாப்பிள்ளை அவருடைய கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். அணு மாப்பிள்ளை அவருடையதற்குப் போட்டார். நாமே நின்றுகிடக்கிறோம் சார் என்று இரண்டு போனிலும் ஒரே பதில். போனை வீசிவிட்டு இருவரும் சிலிண்டர்மேல் பாய்ந்தார்கள். வால்வில் சாவி மாட்டியிருந்தது.

"வலப்பக்கம் திருப்புங்க!"

"இடப்பக்கம் சகலை! எந்த வால்வும் இடப்பக்கம்தான் திறக்கும்!"

"எங்க பிளான்ட்ல…"

"உங்க பிளான்ட்டை விடுங்க!"

ஒருவர் இந்தப் பக்கம் பிடித்திருந்தார், மற்றவர் அந்தப் பக்கம். இரண்டு பொறியாளர்களின் பலமும் சரிசமமாக இருந்ததால் சாவி நகரவே இல்லை. நான் மாமனாரின் கையைப் பிடித்திருந்தேன். அவருடைய உதட்டின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். இந்த வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் அந்த நிறம்…

விடுங்கள்.

என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். சிலிண்டர்காரர் வந்து மாட்டிய அன்று நாங்கள் மூன்று ஆண்களும் அதன் கொள்ளளவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, எப்படித் திறப்பது என்று கேட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். "தள்ளுங்க அத்தான்" என்று இருவரையும் முழங்கையால் ஒதுக்கினாள். ஈரக் கையோடு ஒரே திருப்பு. (இடப்பக்கம்.) குழாயை மாற்றிச் செருகினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. ஐம்பது விநாடி ஆகியிருக்கும். கரி மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அணு மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துக் கரன்ட் வந்தது. யாருடையது? கரி மாப்பிள்ளை பழைய நண்பருக்கு மறுபடி போன் போட்டார்.

"மலையில அணையைத் திறந்துவிட்டோம் சார். அங்கேர்ந்து வருது."

"தண்ணியா?" என்றார் கரி.

"கொதிக்க வைக்காத தண்ணியா?" என்றார் அணு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு நாளில் முதல்முறையாக அவர்கள் ஒரே கட்சியில் இருந்தார்கள்.

மாமனார் கண்ணைத் திறந்தார். "ஆறாவது கட்டத்துல… என் கடைசிப் பொண்ணைப் போடுங்க" என்றார்.

(இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்லவைத்தேன். அவர் சொன்னது: "டீ கிடைக்குமா?")

8

நேற்று ஆசிரியரிடமிருந்து போன்.

"அட்டவணை எங்க சார்?"

"அனுப்பிடறேன். கூடவே ஒரு மாமனார் வந்துட்டார்."

"மாமனாரா? எத்தனை மெகாவாட்னு போட்டாப் போதுமே சார். நாளைக்கு நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும்."

அவருக்கான நாலு வரி இதோ: ஒரே அளவுள்ள இரண்டு நிலையங்களை எடுத்துக்கொண்டால், வருட முடிவில் அணுவே பெரும்பாலும் அதிக யூனிட் தரும், ஏனென்றால் அது நிற்காமல் ஓடும். எரிபொருளின் எடையைப் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. கரி, கேட்டால் கொஞ்சம் ஏறும், சொன்னால் கொஞ்சம் இறங்கும். இரண்டும் நிற்கும்போது வேறு ஏதாவது ஓட வேண்டும்.

அவர் இத்தோடு திருப்தியாகிவிடுவார். எனக்குத்தான் முடியவில்லை.

9

இன்று காலை டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "நல்லா தேறியிருக்கார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மெஷினை ஆஃப் பண்ணிப் பார்ப்போம். ஒரு மணி நேரம் அவரா மூச்சுவிட்டா, மெஷினைத் திருப்பிக் கொடுத்துடலாம். நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவர் போனதும் மாமனார் கேட்டார்: "யார் ஆஃப் பண்றது?"

ஓட்டுவது யார் என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டவர்கள் இருவரும் சுவிட்சைப் பார்த்தார்கள்.

"மூத்தவர் நீங்க. நீங்க பண்ணுங்க சகலை" என்றார் அணு.

"எனக்குக் கை வராது. நீங்க தைரியசாலி, நீங்க பண்ணுங்க."

"நான் மாட்டேன்."

டாக்டரையே ஆஃப் பண்ணச் சொல்லலாம் என்றேன். "வெளியாள் எதுக்கு?" என்றார் மாமனார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"காகித மாப்பிள்ளை பண்ணட்டும்" என்றார் மாமனார். "அவருக்கு… எந்தப் பக்கமும் கிடையாது."

ஆகவே நாளை பத்து மணிக்கு என் விரல். கட்டுரை இன்று நாலு மணிக்கு. இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில்தான் முடிவு இருக்கிறது.

எழுதிப் பார்க்காமல் இல்லை.

(அ) சுவிட்சை அணைத்ததும் அறை அமைதியாகிறது. அந்த அமைதியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்கிறது, சொந்த மூச்சு. பதினொரு மணிக்கு அவர்… (எழுதும்போதே பயமாக இருக்கிறது. முன்கூட்டியே சந்தோஷப்பட்டதுபோல.)

(ஆ) பத்து இருபதுக்கு டாக்டர் என்னைப் பார்த்து… (இதை எழுத மாட்டேன். பேனாவை மூடிவிட்டு ஒருமுறை போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.)

(இ) நான் சுவிட்சைத் தொடப்போகும் நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கரன்ட் போகிறது. யாரும் ஆஃப் பண்ண வேண்டியதில்லை. சகலைகள் இருவரும், தங்கள் நிலையம்தான் நின்றது என்று பெருமையாக உரிமை கொண்டாடுகிறார்கள். (எனக்குப் பிடித்தது இதுதான். கோழைக்கு ஏற்ற முடிவு.)

மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது இதழ் அச்சாகி, கடைக்கு வந்து, உங்கள் கைக்கும் வந்திருக்கும். அதாவது நாளைக் காலை பத்து மணி உங்களுக்கு எப்போதோ முடிந்துபோன சங்கதி. முடிவு இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது, என் பக்கம் இல்லை. நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே இப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. அடுத்த அறையில் கரி மாப்பிள்ளையும் அணு மாப்பிள்ளையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்து, அவர் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நிமிடத்துக்குப் பதினெட்டு என்கிறார். மற்றவர் பத்தொன்பது என்கிறார்.